நீலம் ஏறிய பேட்ஜர் பிரஷ்

கேள்வி இது: "இங்கே அமெரிக்காவில் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது ஒருவர் வீட்டுப் பழைய சாமான்களை மொத்தமாக விற்கிற இடத்தில், பழைய பேட்ஜர் ஷேவிங் பிரஷ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. முன்பின் தெரியாத ஒருவர் முகத்தில் புரண்ட பிரஷ் ஆயிற்றே என்று, சலூனில் சீப்பு ஊறப்போடும் நீலக் கிருமிநாசினியில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் வெள்ளை நுனியெல்லாம் வெளிர்நீலம். ஷாம்பூ போட்டேன், வினிகரில் முக்கினேன், போகவில்லை. நுரையும் சரியாக வருவதில்லை. ப்ளீச்சில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிடலாமா?"

ப்ளீச் பாட்டிலைத் தூர வையுங்கள். மற்றதைப் பேசுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். துணி வெளுக்கும் ப்ளீச் சோடியம் ஹைப்போகுளோரைட். குளியலறைச் சாக்கடையில் முடி அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்க ஊற்றும் திரவத்திலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். பேட்ஜர் என்பது ஒரு விலங்கு, அதன் முடியும் முடிதான். கொஞ்ச நேரம் பட்டால் வெள்ளை நுனி மஞ்சளாகும், இன்னும் கொஞ்ச நேரம் போனால் வழவழவென்று கரைய ஆரம்பிக்கும். அந்த மஞ்சளைக் கழுவி எடுக்க முடியாது. கறை என்றால் முடியின் மேல் வேறொன்று ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்; ப்ளீச்சின் மஞ்சள் என்பது முடியே கெட்டுப்போனது.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீல நிறம் இல்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்ன "நுரையும் சரியாக வருவதில்லை" என்பதுதான். நிறமும் நுரையும் இரண்டு பிரச்சினை என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கிருமிநாசினி இன்னும் பிரஷ்ஷை விட்டுப் போகவில்லை.

சலூன் ஜாடிகளில் இருக்கும் அந்த நீலத் திரவத்தின் வேலையைச் செய்வது நீல நிறம் அல்ல. குவாட்டர்னரி அம்மோனியம் என்ற வகை உப்பு. சுருக்கமாகக் குவாட் என்பார்கள். அமெரிக்கச் சலூன்களில் பார்பிசைட் என்ற பெயர் பிரபலம். 1947இல் புரூக்ளினில் மாரிஸ் கிங் என்பவர் உருவாக்கியது. பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'முடிதிருத்துபவரைக் கொல்வது' என்று வரும், அது தனிக் கதை. இந்த மாதிரித் திரவங்கள் எல்லாமே சீப்பு, கத்தரிக்கோல் போல உறிஞ்சாத கடினமான பொருளுக்காகச் செய்தவை. தண்ணீரில் கலந்து, பத்து நிமிஷம் போட்டு, எடுத்துக் கழுவுவதுதான் கணக்கு. ராத்திரி முழுக்க ஊறும் முடிக் கொத்து அந்தக் கணக்கிலேயே கிடையாது.

குவாட்டுக்கு நேர்மின்னேற்றம். முடியின் மேற்பரப்பு சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். அதனால் இரண்டும் போய் ஒட்டிக்கொள்கின்றன. தலைக்குப் போடும் கண்டிஷனர் வேலை செய்வதும் இதே விதத்தில்தான், அதில் இருப்பது குவாட்டின் பங்காளிகள். சோப்பு எதிர்மின் வகை. குவாட் பூசிய முடியில் சோப்பு பட்டவுடன் இரண்டும் கட்டிக்கொண்டு தண்ணீரில் கரையாத பிசுக்காகிவிடும். நுரை ஏன் எழவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நன்றாகக் கவனியுங்கள்: உள்ளங்கையில் பிரஷ்ஷைச் சுழற்றினால் முதலில் கொஞ்சம் நுரை எழும், அரை நிமிஷத்தில் திரிந்த பால் போல மணல் மணலாகிப் படுத்துவிடும். முடியை விரலால் உருவினால் மெழுகு தடவினது போல இருக்கும். இப்படி இருந்தால் குவாட் இன்னும் உள்ளே இருக்கிறது. நீலச் சாயமும் அந்தப் பிசுக்கில் சிக்கிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது வினிகர். நீங்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான்; பிரஷ் சுத்தம் என்றாலே வினிகர் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கடின நீரில் படியும் சோப்புக் கசட்டுக்கு அது நல்ல மருந்து. சாயத்துக்கு அது நேர் எதிர். கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: அமிலச் சாயம் கம்பளியில் பிடிக்க வேண்டுமென்றால் பாத்திரத்தில் வினிகர் ஊற்றுவார்கள். கம்பளியும் பேட்ஜர் முடியும் ஒரே கெரட்டின் புரதம். அதாவது கறையை எடுக்கப் போய், சாயப் பட்டறைக்காரர் வேலையைப் பாதி செய்து முடித்திருக்கிறீர்கள். கவலை வேண்டாம், சூடு காட்டாதவரை அது முழுசாகப் பிடித்திருக்காது. கொதிக்கிற வெந்நீரில் முக்கவில்லை என்று நம்புகிறேன்.

சரி, இனி செய்ய வேண்டியது. வினிகர் சாயத்தைப் பிடிக்க வைக்கும் என்றால், அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது காரம். உங்கள் ஷேவிங் சோப்பே லேசான காரம்தான், பிஎச் 9, 10 பக்கத்தில் இருக்கும். குவாட்டை முடியிலிருந்து பிடுங்குவதும் சோப்புதான், ஆனால் நிறைய வேண்டும். கொஞ்சமாகப் போட்டால் பிசுக்கு உண்டாகும். தாராளமாகப் போட்டால் அந்தப் பிசுக்கையே சோப்பு கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். நீங்கள் ஷாம்பூ போட்டும் போகாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அளவு போதாது. இன்னொன்று, அது கண்டிஷனர் கலந்த ஷாம்பூ. அப்படியென்றால் ஒரு கையால் எடுத்து மறு கையால் போட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். பிரஷ்ஷைக் குப்புறப் பிடித்து முடி மட்டும் நனையும்படி கால் மணி நேரம் வையுங்கள். கைப்பிடியோடு முடிச்சு, அதாவது முடிக் கொத்து, சேரும் இடம் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். பழைய பிரஷ்களில் அங்கே என்ன பசை போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எடுத்து வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். டிஷ்யூவில் நீலம் இறங்கினால் நல்ல செய்தி, சாயம் பாதி மிதந்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீரை மாற்றி மாற்றி, டிஷ்யூ வெள்ளையாக வரும்வரை இதையே செய்யுங்கள். நாலைந்து தடவை ஆகும்.

அடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன் அளவு நேராக முடியில் விட்டு, உள்ளங்கையில் மெதுவாகச் சுழற்றி வேலை செய்யுங்கள். முடி குறுக்கே மடங்கும்படி அழுத்த வேண்டாம், நுனி ஒடியும். கழுவி, மறுபடியும் ஒரு தடவை. வழவழப்பு போய், ஈர முடியை உருவினால் விரலில் கீச்சென்று ஒரு பிடிப்பு தெரியும். அந்தப் பிடிப்பு வந்த பிறகுதான் ஷேவிங் சோப்பு. கெட்டியாக நுரை கட்டி, அதைப் பிரஷ்ஷிலேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கழுவும்போது நுரையில் லேசான நீலச் சாயல் தெரியும். தெரிகிறவரை தினம் ஒரு தடவை செய்யுங்கள், அவசரம் வேண்டாம். இடையில் காய விடுங்கள். என் அனுபவத்தில் வெளிர்நீலக் கறைகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே போய்விடும். நாலு நாள், ஐந்து நாள் ஆகும், அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இரண்டாம் நாளே பொறுமை இழந்து அடுத்த ரசாயனத்துக்குத் தாவுகிறார்கள். பிரஷ் பாழாவது அங்கேதான்.

ஐந்து நாளுக்குப் பிறகும் நின்றால் 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். குவாட் அதில் நன்றாகக் கரையும், பல சாயங்களும் கரையும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு விரற்கடை அளவு ஊற்றி, நுனி மட்டும் ஒன்றிரண்டு நிமிஷம். கைப்பிடியில் ஒரு சொட்டுப் படக் கூடாது: அக்ரிலிக் என்றால் மயிரிழை போல வெடிப்பு விழும், மரம் என்றால் வார்னிஷ் வெளுக்கும், பழைய அரக்கு வகைப் பூச்சு என்றால் கையோடு வந்துவிடும்.

கடைசி ஆயுதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதம். அது சாயத்தை ஆக்சிஜனேற்றி நிறமிழக்கச் செய்யும். வெள்ளை நுனிக்கு மட்டும், ஐந்து நிமிஷம், கழுவு, பார். வேண்டுமானால் இன்னும் ஒரு தடவை. இங்கே எச்சரிக்கை எதற்கென்றால், பேட்ஜர் முடியின் அழகே அந்த நடுக் கறுப்புப் பட்டை, அது முடிக்கு நிறம் தரும் மெலனின். தலைமுடியை வெளுக்கிற பெராக்சைடு பேட்ஜர் மெலனினையும் விடாது. கறுப்பு செம்பட்டையாகிவிட்டால் திரும்பாது. அதோடு, பெராக்சைடு பட்ட முடி துளை விட்டு, அடுத்த தடவை எந்தச் சாயத்தையும் இன்னும் ஆவலாகக் குடிக்கும்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பிரஷ்ஷின் வெள்ளை நுனி இயற்கையானதா? சில்வர்டிப் என்ற உயர்ந்த ரகத்தில் நுனி பிறவியிலேயே வெள்ளை. மட்டமான ரக முடியின் நுனியை வெளுத்துச் சில்வர்டிப் மாதிரி காட்டி விற்பதும் உண்டு. அப்படிப்பட்டவை நீலத்தை மிக வேகமாகப் பிடிக்கும். பத்து முடியைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எல்லை இயற்கையாக, முடிக்கு முடி கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தால் சரி. எல்லா முடியிலும் அளவுகோல் வைத்தது போல ஒரே உயரத்தில் மாறி, நுனி சுண்ணாம்பு போல வறண்டிருந்தால் வெளுத்தது என்று சந்தேகப்படலாம். அதற்குப் பெராக்சைடு வைக்காதீர்கள், நுனி உதிரும்.

கறை நீங்கிய பிறகு, கடைசியாக, இப்போது வினிகர் பயன்படும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன். இத்தனை சோப்பு போட்டதில் படிந்த கசட்டை அது எடுக்கும், முடியின் மேற்பரப்பில் தூக்கி நிற்கும் செதில்களும் படுத்துக்கொள்ளும். அப்புறம் நல்ல தண்ணீர், ஒரு உதறு, துண்டில் இரண்டு இழுப்பு, காற்றில் உலர்த்தல். ஹேர் டிரையர் வேண்டாம். "முடி வறண்டுவிட்டது, கொஞ்சம் கண்டிஷனர் போடட்டுமா" என்று கேட்பீர்கள். போடாதீர்கள், மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்துவிடுவீர்கள். இரண்டு சொட்டு கிளிசரின் போதும்.

இவ்வளவும் நீலத்துக்கு. இதைப் படிக்கிற வேறு சிலர் வேறு நிறத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. கறை எதனால் வந்தது என்று தெரியாமல் கை வைக்கவே கூடாது.

நான் என் முதல் பழைய பிரஷ்ஷைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் போட்டவன். கிணற்றுக்கும் காய்கறிக்கும் போடுகிற சமாச்சாரம்தானே, பிரஷ்ஷுக்கு ஆகாதா என்ற தைரியம். போட்டபோது நாவல்பழ நிறத்தில் பார்க்க அவ்வளவு அழகு. மதியம் எடுத்தால் பிரஷ் டிகாக்‌ஷனில் விழுந்து எழுந்தது போல இருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. அசையாது, அது சாயமே இல்லை. பெர்மாங்கனேட் முடியோடு வினைபுரிந்து மாங்கனீஸ் டை ஆக்சைடாக, பழுப்புப் பொடியாக, முடி மேலேயே படிந்துவிடுகிறது. அதை எடுக்க வேறொன்றும் வேண்டாம், வைட்டமின் சி போதும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டைப் பொடித்து அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து முக்கினேன். பால் ஊற்றியதும் டிகாக்‌ஷன் வெளுக்குமே, அந்த வேகத்தில் பழுப்பு கண்ணெதிரே கரைந்து போனது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அஸ்கார்பிக் அமிலம் அந்த ஆக்சைடை நிறமில்லாத மாங்கனீஸ் உப்பாக மாற்றிவிடுகிறது. ஆனால் மாத்திரை வெள்ளை மாத்திரையாக இருக்க வேண்டும். சப்பிச் சாப்பிடுகிற ஆரஞ்சு நிற மாத்திரையில் ஆரஞ்சுச் சாயம் இருக்கிறது, அமிலமும் கூடவே இருக்கிறது. மேலே சொன்ன கம்பளிக் கதைதான் மறுபடியும். நிறம் போனாலும் என் பிரஷ்ஷின் நுனி பழைய மென்மைக்கு வரவே இல்லை. கன்னத்தில் வைத்தால் தேங்காய் நார். பெர்மாங்கனேட் முடியைத் தின்றது தின்றதுதான். இப்போது அதில் ஜன்னல் கம்பி துடைக்கிறேன்.

பொவிடோன் அயோடின் கறைக்கும் அதே வைட்டமின் சி கரைசல்தான், அயோடினை நிறமில்லாத அயோடைடாக்கிவிடும். மீன்தொட்டிக் கடையில் குளோரின் எடுக்க விற்கிற ஹைப்போ படிகமும் இதே வேலையைச் செய்யும்.

சாவ்லான் போல செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும் கலந்த காய மருந்தில் ஊற வைத்தவர்கள் உண்டு. செட்ரிமைடும் குவாட்தான், அதனால் நுரை படுக்கும். சோப்பு வைத்தியமே அதற்கும். ஆனால் குளோர்ஹெக்சிடின் இருக்கிற முடியில் ப்ளீச் பட்டால் பழுப்புக் கறை ஒன்று உண்டாகும். ஆஸ்பத்திரிச் சலவைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் அது: அந்த மருந்து பட்ட துணியைக் குளோரின் போட்டு வெளுத்தால் போகாத பழுப்பு விழும்.

மஞ்சள் தண்ணீரில் போட்டவரும் ஒருவர் இருந்தார், நம்மவர்தானே. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் செங்கல் நிறமாகும், பார்த்துப் பயந்துவிட வேண்டாம். காரத்தில் குர்குமின் என்ற மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும், கழுவினால் மறுபடி மஞ்சளாகும். ஈரத்தோடு வெயிலில் வைத்தால் நாலைந்து நாளில் வெளுத்துவிடும். வேட்டியில் விழுந்த சாம்பார்க் கறைக்கு அம்மா செய்தது எதுவோ அதுவே.

உங்கள் நீலத்துக்கு வருவோம். எல்லாம் செய்தும் ஒரு மங்கல் நீலம், பனிக்கால விடியல் வானம் போல, நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். டிஷ்யூவில் இறங்காத, நுரையைக் கெடுக்காத நீலம் உங்கள் முகத்தை ஒன்றும் செய்யாது. தினம் சவரம் செய்தால் ஒவ்வொரு நுரையும் ஒரு சலவை. ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

அடுத்த தடவை பழைய பிரஷ் வாங்கினால் முதலில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். பழைய சோப்பு உள்ளே இருக்கும்போது குவாட் போட்டால் அந்தச் சோப்பே குவாட்டைச் செயலிழக்கச் செய்துவிடும், கிருமி சாகாது, கறை மட்டும் மிஞ்சும். கழுவிய பிறகு நிறமில்லாத 70 சதவீத ஆல்கஹாலில் முடியை மட்டும் பத்து நிமிஷம் வைத்து, அலசி, இரண்டு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எனக்கு அது போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எஸ்டேட் சேல் என்றீர்கள். பிரஷ் எந்தக் காலத்தது? முதல் உலகப் போர் சமயத்தில் நல்ல பேட்ஜர் முடி கிடைப்பது அரிதாகி, குதிரை மயிரை பேட்ஜர் போலத் தோன்றும்படி செய்து விற்றார்கள். சரியாகச் சுத்திகரிக்காத அந்த மயிரில் ஆந்த்ராக்ஸ் என்ற உயிர்க்கொல்லி நோயின் கிருமி வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்களும் சாதாரண ஆட்களும் சவரம் செய்த இடத்தில் புண் வந்து இறந்திருக்கிறார்கள். 1920இல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. ஆந்த்ராக்ஸ் கிருமி வித்தாக மாறி வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கக் கூடியது. நீலத் திரவத்துக்கோ ஆல்கஹாலுக்கோ அந்த வித்து சாகாது. இன்றைக்கு அப்படி ஒரு பிரஷ் கையில் சிக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கைப்பிடியின் வடிவத்தையும் அச்சையும் பார்த்து 1930க்கு முந்தையது என்று தோன்றினால், இந்தச் சோப்பு வைத்தியம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். கைப்பிடி அழகாக இருந்தால், பழைய பிரஷ்களைச் சீர் செய்கிறவர்களிடம் எந்தக் காலத்தது என்று முதலிலேயே சொல்லி, முடிச்சை எடுத்துவிட்டுப் புது முடிச்சு வைத்துத் தரக் கேளுங்கள். முடிச்சோடுதான் வேண்டும் என்றால் நீலத்தோடு அப்படியே கண்ணாடி அலமாரிக்குள் நிற்கட்டும்.